சுத்தம் அவர்களுக்கு, கழிவு யாருக்கு?

ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தின் 'நிலைத்தன்மை அறிக்கை'யை எடுத்துப் பாருங்கள். அட்டையில் ஒரு பச்சை இலை இருக்கும், இல்லையென்றால் குழாயடியில் சிரிக்கும் ஒரு குழந்தை இருக்கும். உள்ளே அட்டவணை மேல் அட்டவணை. கார்பன் எத்தனை சதவீதம் குறைந்தது, தண்ணீர் எத்தனை லிட்டர் மிச்சம், எந்த ஆண்டுக்குள் எந்த இலக்கு என்று எல்லாவற்றையும் அளந்து வைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. அந்த ஆலையின் கழிவைக் கையால் தொட்டவர்கள் யார்? அவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விக்கு இடமில்லாத எந்தச் சூழல் அறிக்கையும் அரைக் கணக்குதான். காற்றையும் தண்ணீரையும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆளை எண்ணத் தெரியாமல் போகாது. எண்ண மறுக்கிறார்கள். ஆளை எண்ணத் தொடங்கினால் சாதியையும் எண்ண வேண்டிவரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பொத்தாம்பொதுவாகப் பேச வேண்டாம். சூழல் பொறுப்புக்காக உலகமே பாராட்டிய ஒரு நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம்.

சோப்பும் பாதரசமும்

யூனிலீவர். இந்தியாவில் இந்துஸ்தான் யூனிலீவர். லைஃபாய், சர்ஃப் எக்செல், ரின், விம் என்று நம் குளியலறையிலும் பாத்திரம் தேய்க்கும் இடத்திலும் இருக்கும் நிறுவனம். சுத்தத்தை விற்றே வளர்ந்த நிறுவனம்.

2010 நவம்பரில் அதன் அன்றைய தலைமை நிர்வாகி பால் போல்மன் 'நிலைத்த வாழ்வுத் திட்டம்' ஒன்றை அறிவித்தார். தன் பொருள்களைத் தயாரிப்பதாலும் பயன்படுத்துவதாலும் சூழலுக்கு ஏற்படும் பாதிப்பை 2020க்குள் பாதியாகக் குறைப்போம் என்றது நிறுவனம். 100 கோடிக்கும் மேற்பட்டவர்களின் உடல்நலம் மேம்பட உதவுவோம் என்றது. மேலாண்மை வகுப்புகளில் அது முன்மாதிரிப் பாடம் ஆனது. உங்களில் சிலர் அதைத் தேர்வுக்கும் படித்திருப்பீர்கள்.

அந்த அறிவிப்பு வெளியான நாளில், கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்த முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அதே குழுமத்துக்கு எதிராக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். வழக்குத் தொடுத்து அப்போதே நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அதைப் பெயர்த்துக் கொடைக்கானல் மலைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அது பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் பாண்ட்ஸின் தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. செய்த தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி ஏற்றுமதியானது. தெர்மாமீட்டர் கப்பலேறிப் போனது, பாதரசம் மலையில் தங்கியது.

ஆலையை ஒட்டிய சரிவில் பாம்பார் சோலை. அங்கே பெய்யும் மழை, பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையை நோக்கி இறங்கும். மேலே எதைக் கொட்டினாலும் கீழே இருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

2001 மார்ச்சில் கொடைக்கானல் நகருக்குள்ளேயே, மூஞ்சிக்கல் பகுதியின் ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடப்பதை உள்ளூர் மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. உலகத் தரம் பேசிய நிறுவனத்தின் நச்சுக் கழிவு எந்தப் பாதுகாப்பும் இல்லாத பழைய சாமான் கடைக்குப் போயிருக்கிறது. அந்தக் கடையில் கை வைத்து வேலை செய்கிறவருக்கு அது என்னவென்று யார் சொன்னார்கள்?

2003இல், பாதரசம் கலந்த கழிவு 290 டன் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. மக்கள் போராடி வென்றது அது. தெற்கிலிருந்து வடக்குக்கு நச்சு திரும்பிப் போவது அபூர்வம். ஆனால் தொழிலாளியின் உடம்புக்குள் போனதைக் கப்பலில் ஏற்ற முடியாது. துணியிலும் தலைமுடியிலும் பாதரசம் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்ததைத் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, அகால மரணங்கள் பற்றிச் சொன்னார்கள். வேலையால் யாருக்கும் உடல்நலக் கேடு ஏற்படவில்லை, ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன என்பதே நிறுவனத்தின் பதிலாக இருந்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கையோ, பாதிப்புக்கு முகாந்திரம் உண்டு என்றது.

2015இல் சோபியா அஷ்ரப் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாடலைப் பாடினார். காணொளி உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் உடன்பாடு வந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் கருணைத் தொகை. எவ்வளவு என்பது வெளியே சொல்லப்படவில்லை. அதற்கு நிறுவனம் வைத்த பெயரைக் கவனியுங்கள்: வாழ்வாதார மேம்பாட்டுக்கும் திறன் வளர்ப்புக்கும் தரும் உதவி. இழப்பீடு என்ற சொல்லே இல்லை. தவறு செய்தவர் தருவது இழப்பீடு, கொடைவள்ளல் தருவது கருணை. 15 ஆண்டுகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்று வென்றவர்களைக் கடைசியில் பயனாளிகள் ஆக்கிவிட்டார்கள்.

இலக்கு வைப்பதன் சூட்சுமம்

நிலைத்தன்மை இலக்குகள் எல்லாமே பொய் என்று நாம் சொல்லவில்லை. அவை எப்படிக் கட்டப்படுகின்றன என்று பாருங்கள் என்கிறோம்.

முதலாவது, அடிப்படை ஆண்டு. யூனிலீவர் தன் முன்னேற்றத்தை 2010ஐ ஒட்டிய நிலையோடு ஒப்பிட்டு அளந்தது. ஏதோ ஓர் ஆண்டிலிருந்து எண்ணத்தானே வேண்டும் என்பார்கள். சரி. ஆனால் அந்தக் கோடு போட்டதும், அதற்கு முன்னால் மண்ணில் இறங்கிய பாதரசம் இலக்குக் கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறது. பழைய கடன் அடைபடவில்லை, புதுப் பேரேடு திறந்தாகிவிட்டது.

இரண்டாவது, எதால் வகுக்கிறார்கள் என்பது. பாதிப்பைப் பாதியாக்குவோம் என்ற அந்த வாக்குறுதி மொத்தப் பாதிப்பைப் பற்றியது அல்ல. நுகர்வோர் ஒருமுறை பயன்படுத்துவதற்கு எவ்வளவு என்ற கணக்கு அது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பாக்கெட்டுக்கு 2 கிராம் பிளாஸ்டிக், 1 கோடி பாக்கெட் விற்பனை என்றால் 20 டன். பாக்கெட்டுக்கு 1 கிராமாகக் குறைத்துவிட்டு 3 கோடி பாக்கெட் விற்றால் 30 டன். அறிக்கையில் 50 சதவீதம் குறைந்திருக்கும். ஊர்ச் சாக்கடையில் 10 டன் கூடியிருக்கும்.

மூன்றாவது, நகரும் கெடு. 2020க்குள் பாதி என்று சொன்னது பிறகு 2030க்குத் தள்ளிப்போனது. புதுப் பிளாஸ்டிக் பயன்பாட்டை 2025க்குள் பாதியாக்குவோம் என்று 2019இல் அறிவித்தார்கள். 2024இல் அதை 2026க்குள் 30 சதவீதம் என்று சுருக்கினார்கள். வங்கியில் வாங்கிய கடனுக்குத் தவணை தவறினால் நம் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பான். இவர்கள் தவணை தவறினால் புது அறிக்கை வரும்.

நான்காவதுதான் நம்மை நேராகத் தொடுகிறது. இடத்துக்கு ஓர் அளவுகோல். கொடைக்கானல் ஆலை மண்ணைச் சுத்தப்படுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற அளவு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் பிரிட்டனில், குடியிருப்பு நிலத்தில் தனிமப் பாதரசத்துக்கு அங்குள்ள சுற்றுச்சூழல் முகமை 2009இல் வைத்த வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம். ஆபத்தை அந்த இடத்துக்கேற்ப மதிப்பிட்டுத்தான் 20 என்று முடிவு செய்தோம், இன்னும் தோண்டினால் மரங்கள் போகும், மண் சரியும் என்று விளக்கம் தரப்பட்டது. மரத்தின் மேல் இவ்வளவு அக்கறை இருந்தவர்கள் சோலையின் விளிம்பில் பாதரச ஆலையை ஏன் நடத்தினார்கள்? நச்சைக் கொட்டும்போது நினைவுக்கு வராத காடு, அள்ளும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது.

இதில் சாதி எங்கே வந்தது?

இது வர்க்கப் பிரச்சினை, சூழல் பிரச்சினை, இதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நாம் இழுத்துவரவில்லை. அது அங்கேதான் இருக்கிறது.

சமூகவியலின் முதல் ஆண்டிலேயே தூய்மை, தீட்டு என்று படிக்கிறோம். தூய்மை என்பது அழுக்கே இல்லாமல் இருப்பது அல்ல. தன் அழுக்கை இன்னொருவர் தலையில் வைப்பதற்கான அதிகாரம் அது. அக்ரகாரம் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அங்கே கழிவு உண்டாகாமல் போனது அல்ல. அள்ளுவதற்கென்று ஒரு சாதியைச் சேரிக்குள் நிறுத்தி வைத்ததுதான். அண்ணல் அம்பேத்கர் சாதியை, உழைப்பவர்களையே மேல் கீழாகப் பிரித்துப் போடும் ஏற்பாடாகப் பார்த்தார். கார்ப்பரேட் கழிவு மேலாண்மை அந்த ஏற்பாட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது.

பிளாஸ்டிக்கையே பாருங்கள். 2021இல், தன் பொருள்களை அடைக்கப் பயன்படுத்தியதைவிட அதிகமான பிளாஸ்டிக் கழிவைச் சேகரித்துக் கையாண்டுவிட்டதாக இந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. 1 லட்சம் டன்னுக்கும் மேல். நல்ல செய்திதான். சேகரித்தது யார்? குளிரூட்டிய அறையில் அறிக்கை எழுதியவர்களா? அதிகாலையில் சாக்குப்பையோடு கிளம்பும் பெண்கள், குப்பைமேட்டில் குனிந்து நிற்கும் முதியவர்கள், பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளைகள். இந்த நாட்டில் அந்தக் கைகளில் பெரும்பாலானவை எந்தச் சாதிகளின் கைகள் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை, எந்தக் குப்பைக்கிடங்கின் வாசலிலும் போய் நின்றால் போதும்.

குப்பை பொறுக்குகிறவர்களிடம் பேசினால் இன்னொன்றும் சொல்வார்கள். பாட்டிலுக்கு விலை உண்டு, அட்டைக்கு விலை உண்டு. ஷாம்பூ பாக்கெட்டைக் காயலான் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். பல அடுக்குகள் ஒட்டிய அதைப் பிரிக்கவும் முடியாது, உருக்கி விற்கவும் முடியாது. அதனால் அது சாக்கடையில் கிடக்கும். மழைக்கு முன்னால் அந்தச் சாக்கடையைத் தூர்வார இறங்குகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். ஒரு ரூபாய் பாக்கெட்டின் லாபம் மும்பைக்கும் லண்டனுக்கும் போகிறது. அதன் கடைசிப் பயணம் நம் ஆட்களின் கைவழியே போகிறது.

சூழலைக் காக்கும் கட்டமைப்பே உயிரெடுத்ததும் உண்டு. ராணிப்பேட்டைத் தோல் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் என்றாலே தீட்டு என்று ஒதுக்கிவிட்டு அந்த வேலையை ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலையில் கட்டிய சமூகம் இது. ஏற்றுமதி லாபத்துக்கு மட்டும் தீட்டு இல்லை. பாலாற்றைத் தோல் கழிவு நாசமாக்கியதை எதிர்த்த வழக்கில்தான் 1996 ஆகஸ்டில், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயமாயின. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்பது எந்த அறிக்கையிலும் பசுமைச் சாதனை. அந்த இரவில் அதுவே சவக்குழி.

அதற்கும் பத்தாண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்லவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கும் மேல். ஒரு தலைமுறையே அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்துவிட்டது.

அட்டவணையில் நாம் எங்கே?

மாணவர்கள் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டிலிருந்து 'வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை' தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது. பி.ஆர்.எஸ்.ஆர். என்பார்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதில் ஊழியர் பட்டியலைப் பாருங்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று இருக்கும். மாற்றுத்திறனாளிகள் எத்தனை, நிரந்தரம் எத்தனை, நிரந்தரமல்லாதவர் எத்தனை என்று இருக்கும். இவை எல்லாம் வேண்டும், போராடிப் பெற்ற கட்டங்கள் அவை. பட்டியல் சாதி, பழங்குடி என்ற கட்டம் மட்டும் கிடையாது.

ஆனால் நாம் அந்த அறிக்கையில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 'நலிந்த, விளிம்புநிலைப் பிரிவினர்' என்ற பெயரில் வருகிறோம். எங்கே? சிஎஸ்ஆர் திட்டத்தின் பயனாளிகளில் எத்தனை சதவீதம் என்ற இடத்தில். நிறுவனம் கலந்துபேசும் தரப்பினர் என்ற இடத்தில். அதாவது வாங்குகிறவர்களாக இருக்கிறோம், உழைக்கிறவர்களாக இல்லை. கழிவுத் தொட்டிக்குள் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் சாதியை எழுத இடமில்லாத அறிக்கையில், அவர் பிள்ளைக்குக் கொடுத்த பள்ளிப்பைக்கு இடம் இருக்கிறது.

தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லாததால் எண்ண வேண்டிய கட்டாயம் இல்லை. எண்ணாததால் இடஒதுக்கீடு கேட்க ஆதாரம் இல்லை. இந்த முடிச்சை அவர்கள் அவிழ்க்க மாட்டார்கள்.

வேலை வேண்டாமா?

நம் தெருவிலேயே வரும் கேள்வி இது. 'ஆலையை மூடினால் நம் பையன்தான் வேலை இழப்பான். சுற்றுச்சூழல் பேசுகிறவனுக்கு மாதச் சம்பளம் வரும்.' இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. மரத்துக்கும் பறவைக்கும் கண்ணீர் விட்டு, சேரி ஓரத்துக் குப்பைமேட்டைக் கண்டுகொள்ளாத சூழல்வாதத்தை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்.

அதற்காகச் சூழல் நம் பிரச்சினை இல்லை என்று ஒதுங்க முடியுமா? 1927 மார்ச் 20 அன்று மகாடில் சௌதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்க அண்ணல் மக்களைத் திரட்டிச் சென்றார். பொது நீர்நிலை யாருக்குச் சொந்தம் என்பதைவிடப் பெரிய சூழல் கேள்வி ஏது? 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் ஏற்றிருந்த தொழிலாளர் துறையில் தொழிலாளர் நலனும் நீர்ப்பாசனமும் சேர்ந்தே இருந்தன. உழைப்பும் தண்ணீரும் ஒரே மேசையில் இருந்த மரபு நம்முடையது. அதை மீட்க வேண்டும்.

வேலையா, உடம்பா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வதே மோசடி. லண்டன்காரருக்கு அந்தத் தேர்வு வைக்கப்படுவதில்லை. அவருக்கு வேலையும் உண்டு, 1 மில்லிகிராம் மண்ணும் உண்டு. நம்மிடம் மட்டும் ஏன் ஒன்றைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள்?

நாம் கேட்பது

ஒன்று: பழைய கடன் பேரேடு. மூடிய ஆலைகள், கொட்டிய நச்சு, எஞ்சியிருக்கும் மாசு, நிலுவையில் உள்ள வழக்குகள் ஆகியவற்றை அடிப்படை ஆண்டுக்கு முன்னால் நடந்தவை உட்பட ஒவ்வோர் ஆண்டு அறிக்கையிலும் எழுத வேண்டும்.

இரண்டு: ஒரே நிறுவனத்துக்கு ஒரே அளவுகோல். தாய் நாட்டில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் எந்தத் தரமோ, அதைவிடக் குறைந்த தரம் இங்கே கூடாது.

மூன்று: நச்சோடு வேலை செய்த ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, வாழ்நாள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பு. மருத்துவப் பதிவேட்டின் நகல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். நோய் வந்தபின் நிரூபிக்கும் சுமையை நோயாளியின் மேல் போடக் கூடாது.

நான்கு: பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையில் சாதிக் கட்டம். மேலாளர் முதல் கழிவு அள்ளுபவர் வரை, வேலை வகை வாரியாக, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து. செபி ஒரு சுற்றறிக்கையில் செய்யக்கூடிய வேலை இது.

ஐந்து: பிளாஸ்டிக்கைச் சேகரித்துவிட்டோம் என்று பெருமை பேசும் நிறுவனங்கள், அதைப் பொறுக்கியவர்களுக்கு எடைக்கு எவ்வளவு கொடுத்தோம், கையுறை, காப்பீடு, ஓய்வூதியம் எத்தனை பேருக்கு என்று அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

தோழர்களே, உங்கள் கல்லூரிக்கு ஏதாவது ஒரு நிறுவனம் மரக்கன்றோடு வரும். சுற்றுச்சூழல் தினத்தன்று கட்டுரைப் போட்டி வைக்கும், பரிசு தரும், துணிப்பை தரும். வாங்கிக்கொள்ளுங்கள், மரத்தையும் நடுங்கள். அதற்கு முன்னால் அந்த நிறுவனத்தின் அறிக்கையைத் தரவிறக்கிப் படித்துவிட்டுப் போங்கள். மேடையில் இருப்பவரிடம் எழுந்து நின்று கேளுங்கள்: உங்கள் ஆலையின் கழிவு எந்த ஊருக்குப் போகிறது? அதைத் தொடுகிற கை யாருடையது? அவருடைய பெயர் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறதா?

ஒருவர் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். பத்துக் கல்லூரிகளில் பத்துப் பேர் கேட்டால் பதில் தயாரிக்கத் தொடங்குவார்கள். கொடைக்கானல் தொழிலாளர்கள் 15 ஆண்டுகள் விடாமல் கேட்டதால்தான் ஒரு பன்னாட்டு நிறுவனம் மேசைக்கு வந்தது. அவர்களிடம் பணம் இல்லை, பதவி இல்லை. கேட்பதை அவர்கள் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

கேளுங்கள். ஜெய் பீம்!